எந்த ஆப் நல்லது என்று கேட்பவர்களுக்கு

"பிள்ளைக்கு எந்த ஆப் போட்டுக் கொடுக்கலாம்?" தெருவிலும் சொந்தக்காரர்கள் மத்தியிலும் வேலை பார்க்கும் இடத்திலும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் இரண்டு பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பையனும் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய லேப்டாப்பையும் ஒரு டேப்லெட்டையும் வைத்துக்கொண்டு தாங்களாகவே எதையாவது கற்றுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்தவர்கள்தான் கேட்கிறார்கள். ஆப் பெயரைச் சொல்லிவிடலாம். நாங்கள் பயன்படுத்தும் எல்லாமே இலவசம்தான், போகப்போகச் சொல்கிறேன். ஆனால் ஒரே ஆப் ஒரு வீட்டில் பிள்ளையை மணிக்கணக்கில் யோசிக்க வைக்கிறது, இன்னொரு வீட்டில் இரண்டாம் நாளே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று சில ஆண்டுகளாகக் கூடவே இருந்து பார்த்துவருகிறேன். பார்த்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மானாமதுரையில். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு. அவன் அப்பா திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட், சீரியல் செட் போடுபவர். எங்களோடு என் மாமியாரும் இருக்கிறார், பிள்ளைகளுக்கு அப்பத்தா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிள்ளைகளின் படிப்பில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மகன் முதல் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருந்தான், மகள் மூன்றாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குப் போனது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். கல்வித் தொலைக்காட்சி, யூடியூப், வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடம், புதிய பாடப்புத்தகங்களில் 2018 முதல் அச்சாகி வரும் கியூஆர் கோடு என்று எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் எல்லாம் ஓடின. மகள் டிவியில் பாடம் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொள்வாள். மகன் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். பாடம் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் முழிப்பான். ஆனால் அதே பையன் போனில் வந்த காகித விமானம் மடிக்கும் வீடியோ ஒன்றை நிறுத்தி நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, ஒரு மடிப்பு விடாமல் செய்து முடித்தான். பறக்காமல் மூக்கு குத்தி விழுந்ததும் மறுபடி வீடியோவைத் திறந்து, எந்த மடிப்பில் பிசகியது என்று தானே தேடினான்.

டிவியில் ஆசிரியர் போகிற வேகத்தில்தான் பிள்ளையும் போக வேண்டும். வீடியோவை நிறுத்தும் விரல் பிள்ளையுடையதாக இருந்தால் வேகமும் அவனுடையது. அதோடு, செய்தது சரியா தப்பா என்று அவனுக்குச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. விமானம் பறந்தால் சரி, விழுந்தால் தப்பு. எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று முடிவெடுக்கும்போது இந்த இரண்டைத்தான் இன்றுவரை முதலில் பார்க்கிறேன்: வேகம் யார் கையில் இருக்கிறது, தப்பைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா.

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தியிடம் இதைச் சொன்னபோது, "இதைத்தானே நாங்க அட்டையை வச்சுப் பண்ணினோம்" என்றார். செயல்வழிக் கற்றலைச் சொல்கிறார். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த முறை அது. சுவரில் ஒரு ஏணி தொங்கும். ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. பிள்ளை தான் நிற்கும் படிக்கான அட்டையைத் தானே எடுத்துவந்து, பாயில் உட்கார்ந்து முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போகும். ஒருவன் பத்தாவது அட்டையில் இருப்பான், பக்கத்தில் இருப்பவள் பதினைந்தில் இருப்பாள். இன்று ஆப்களில் லெவல் என்று வருவதை நம் ஊர்ப் பள்ளிகள் அட்டையிலேயே செய்து பார்த்திருக்கின்றன. சித்தி இன்னொன்றும் சொன்னார்: ஏணியை மாட்டியதோடு ஆசிரியர் வேலை முடிந்தது என்று நினைத்த வகுப்பில் பிள்ளைகள் அட்டையைத் திருப்பிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஆசிரியர் நடுவே உட்கார்ந்து, "எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்ட வகுப்பில் நன்றாகப் போனது.

கணினியை வைத்து இதையே சோதித்துப் பார்த்தவர் சுகதா மித்ரா. 1999ல் புதுதில்லி கல்காஜியில், தான் வேலை பார்த்த நிறுவனத்தின் மதில் சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தொடும்படி ஒரு கணினியை வைத்தார். சொல்லித்தர யாரும் இல்லை. பிள்ளைகள் கூடி நின்று, ஒருவர் செய்வதை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நமக்கு நெருக்கமானது அவர் பிற்பாடு காளிகுப்பம் கிராமத்தில் செய்தது. தமிழ் பேசும் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் உயிரித்தொழில்நுட்பப் பாடங்கள் இருந்த கணினியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து தேர்வு வைத்தபோது, எதுவுமே தெரியாமல் தொடங்கியவர்கள் 30 சதவீதம் வரை எடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் பாட வல்லுநர் யாரையும் தேடவில்லை. பிள்ளைகளுக்குப் பழக்கமான, கணக்கெழுதும் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணிடம், பாட்டி போல நடந்துகொள்ளச் சொன்னார். பின்னால் நின்று, "அடேயப்பா, இதை எப்படிச் செஞ்சீங்க? எனக்கும் காட்டுங்க" என்று கேட்பது மட்டும்தான் வேலை. மதிப்பெண் 50 சதவீதத்துக்கு ஏறியது. மித்ராவின் முடிவுகளை மறுத்துப் பேசும் கல்வியாளர்களும் உண்டு. கணினியை வைத்தால் போதும், ஆசிரியர் வேண்டாம் என்று அதை நீட்டிப் படிப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்த 30க்கும் 50க்கும் நடுவில் நின்ற பெண்ணை என் வீட்டில் தினமும் பார்க்கிறேன். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

மகன் பல்லாங்குழி செய்ததைச் சொன்னால் விளங்கும். ஸ்கிராட்ச் என்று ஒரு நிரல் மொழி, அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007ல் வெளியிட்டது. எழுத்தால் நிரல் அடிக்க வேண்டாம். வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவனும் பூனையை நடக்க வைத்தான், மியாவ் என்று கத்த வைத்தான். கொஞ்ச நாளில் சலித்துவிட்டது. "என்ன செய்றதுன்னு தெரியலம்மா" என்று வந்து நின்றான். அவனும் அப்பத்தாவும் மத்தியானங்களில் பல்லாங்குழி ஆடுவார்கள். ஊருக்கு அப்பத்தா போயிருந்த வாரம் ஆடுவதற்கு ஆளில்லாமல் போனதால், கம்ப்யூட்டரிலேயே பல்லாங்குழி செய்துவிட்டால் என்ன என்று அவனுக்கே தோன்றியது. நான் சொல்லியிருந்தால் செய்திருப்பானா என்று தெரியாது. இது அவனுக்கு வேண்டிய பொருள், அதனால் செய்தான்.

பதினான்கு குழி, குழிக்கு ஐந்து விதை, மொத்தம் 70. ஒரு குழியை எடுத்து அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு வர வேண்டும். பதினான்காம் குழிக்கு அடுத்தது முதல் குழி. பலகையில் ஆடும்போது கை தானாக வளைந்து திரும்பிவிடும். கணினிக்கு அது தெரியாது, பதினைந்தாம் குழியைத் தேடும். இதை எப்படிச் சரிசெய்வது என்று அவன் உட்கார்ந்திருந்தபோது, ஊரிலிருந்து வந்துவிட்ட அப்பத்தாவிடம் வேறு ஒன்றைக் கேட்டான்: "நீ எப்படி அப்பத்தா பார்த்ததுமே கடைசி விதை எங்க விழும்னு சொல்ற?"

"ஒரு சுத்துக்குப் பதினாலுய்யா. சுத்து போக மிச்சம் எம்புட்டோ அம்புட்டுத் தள்ளி விழும்."

பள்ளியில் வகுத்து மீதி காண்பது அவனுக்குத் தெரியும். அது இங்கே வரும் என்று தெரியாது. ஸ்கிராட்சில் மீதியைத் தரும் கட்டம் ஒன்று இருக்கிறது. ஓடிப்போய் அதைத் தேடி எடுத்தான். இருக்கும் குழியோடு ஒன்றைக் கூட்டி, பதினான்கால் வகுத்து, மீதி எதுவோ அந்தக் குழியில் போடு என்று எழுதினான். ஆட்டம் ஓடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அப்பத்தா திரையைப் பார்த்துவிட்டு, "வெத கொறையுதேய்யா" என்றார். திரையில் இருந்த எண்களை அவன் கூட்டிப் பார்த்தான். 69. இன்னொரு சுற்று ஓட விட்டான். 68.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போதும் அவனுக்கு அதே யோசனைதான். எனக்கு எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. "எந்தக் குழிகிட்ட வரும்போது ஒண்ணு குறையுதுன்னு பாரேன்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் ஒவ்வொரு விதையாக நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் பிடிபட்டது. பதிமூன்றாம் குழியில் ஒன்றைக் கூட்டினால் பதினான்கு. பதினான்கைப் பதினான்கால் வகுத்தால் மீதி பூஜ்யம். பூஜ்யம் என்று ஒரு குழியே கிடையாது, விதை காணாமல் போகிறது. முதலில் வகுத்து மீதியை எடுத்துவிட்டு, அப்புறம் ஒன்றைக் கூட்டினால் சரியாகிவிட்டது. பதிமூன்றுக்கு அடுத்து பதினான்கு, பதினான்குக்கு அடுத்து ஒன்று. மொத்தம் 70ஆகவே நின்றது. நான்கு விதை சேர்ந்தால் பசு, அதை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியையும் சேர்த்தபின் அப்பத்தா உட்கார்ந்து ஆடிப்பார்த்து ஒப்புக்கொண்டார்.

இதில் என் பங்கு ஒரே ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வது பெரியவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். விடையை வாய் வரைக்கும் கொண்டுவந்து விழுங்க வேண்டும். பிள்ளை தவிப்பதைப் பார்க்க மனசு கேட்காது. ஆனால் தவிப்பு வேறு, திணறல் வேறு. தவிக்கிற பிள்ளை புதிதாக எதையாவது முயன்றுகொண்டே இருக்கும். திணறுகிற பிள்ளை செய்ததையே திரும்பச் செய்யும், அல்லது லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விடும். முதல் நிலையில் நான் வாய் திறப்பதில்லை. இரண்டாவதைப் பார்த்தால் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன்.

மகள் கதை வேறு. அவளுக்கு விளையாட்டு செய்வதில் ஆர்வம் இல்லை. தனியாக, அமைதியாக, எழுதிப் பார்த்துப் படிப்பவள். இந்த ஆண்டு வடிவியலில் ஒரு தேற்றம் வந்தது: ஒரு வில் வட்டத்தின் மையத்தில் தாங்கும் கோணம், மீதிப் பரிதியில் அது தாங்கும் கோணத்தைப் போல் இருமடங்கு. மனப்பாடமாகச் சொல்வாள், நிரூபணத்தையும் எழுதுவாள். ஆனால் கணக்கில் படம் கொஞ்சம் மாறி வந்தால் திகைத்து நிற்பாள். ஜியோஜீப்ராவைத் திறந்து கொடுத்தேன். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001ல் மாணவராக இருந்தபோது தொடங்கிய மென்பொருள் அது. இணையம் இல்லாமலும் ஓடும்.

வட்டம் வரைந்து, மையக்கோணம் 100 பாகை வரும்படி இரண்டு புள்ளிகளை வைத்து, பரிதியில் மூன்றாவது புள்ளி ஒன்றைப் போட்டாள். கோணம் 50. புள்ளியைப் பிடித்து இழுத்தாள். 50. இன்னும் தள்ளி இழுத்தாள். அப்போதும் 50. "அம்மா, ஹேங் ஆயிருச்சு" என்றாள். ஹேங் ஆகவில்லை என்று நான் சொல்லும் முன்பே, புள்ளி நகர்வதையும் கோணம் மட்டும் நிற்பதையும் பார்த்துவிட்டாள். முகம் மாறியது. தேற்றத்தில் 'மீதிப் பரிதியில்' என்று எழுதியிருப்பது எந்தப் புள்ளிக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளையாட்டாக இன்னும் இழுத்தாள். புள்ளி அந்தப் பக்கச் சின்ன வில்லுக்குத் தாண்டியதும் எண் சட்டென்று 230 ஆனது. பயந்துபோனாள். கொஞ்ச நேரம் கழித்து, மென்பொருள் வெளிப்பக்கமாக, பின்வளைக் கோணத்தை அளக்கிறது என்று அவளே கண்டுபிடித்து 360லிருந்து கழித்தாள். 130. நோட்டில் 50, 130 என்று எழுதி, கீழே கோடு போட்டு 180 என்று கூட்டினாள். அடுத்த பக்கத்தில் இருக்கும் வட்ட நாற்கரத் தேற்றம் அது: வட்டத்துக்குள் அமையும் நாற்கரத்தில் எதிரெதிர்க் கோணங்களைக் கூட்டினால் 180. பாடத்தில் அங்கே போகும் முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதைப் படிக்கும் சிலர், 'அப்படியானால் மகள் பார்த்துக் கற்பவள், மகன் செய்து கற்பவன்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். இந்தப் பெயர்கள் இப்போது பெற்றோர் கூட்டம் வரைக்கும் வந்துவிட்டன. உறவினர் ஒருவரின் பிள்ளை படிக்கும் பள்ளியில் ஒரு தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லி, பிள்ளை 'கேட்டுக் கற்பவர்' என்று அட்டையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாப் பாடத்துக்கும் ஆடியோதான். கணக்குக்குக்கூட.

இந்த வகைபிரித்தலில் பரவலாக அறியப்பட்டது வார்க். பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல் என்று நான்கு. நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங்கும் கொலீன் மில்ஸும் 1992ல் முன்வைத்தது. பிள்ளைக்கு ஒவ்வொரு விதம் பிடிக்கும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த விதத்தில் சொல்லிக்கொடுத்தால் அதிகம் கற்கும் என்பதுதான் நிற்கவில்லை. ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008ல் அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். பார்த்துக் கற்பவருக்குப் படத்திலும் கேட்டுக் கற்பவருக்குப் பேச்சிலும் சொல்லிக்கொடுத்து, இருவரும் அவரவர் வழியில் அதிகம் கற்றார்களா என்று முறையாகச் சோதித்த ஆய்வுகளே மிகக் குறைவு. அந்தச் சிலவற்றிலும் பெரும்பாலானவை இந்தக் கருத்தை ஆதரிக்கவில்லை. அறிவு ஒன்றல்ல, பல வகை என்று சொல்லும் பன்முக நுண்ணறிவு பற்றி 1983ல் எழுதிய ஹோவர்ட் கார்ட்னரே, தான் சொன்னது இப்படிப்பட்ட கற்றல் பாணி அல்ல என்று பின்னால் விளக்க வேண்டியதாயிற்று.

எங்கள் கூடத்தில் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. வடிவியலுக்குப் படம் நகர வேண்டும், அது யாராக இருந்தாலும். ஆங்கில உச்சரிப்புக்குக் காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். என் மகன் ஆங்கிலக் கதையை ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்தில் படிக்கும்போது ஓர் இடத்தில் உட்கார்ந்து கண்ணால்தான் படிக்கிறான், அவன் 'செய்து கற்பவன்' ஆயிற்றே என்று எழுத்து அவனுக்குச் சலுகை தருவதில்லை. பாடம் கேட்கும் வழி ஒன்று, பிள்ளைக்குப் பிடித்த வழி ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் பாடத்தின் வழியில்தான் போக வேண்டும்.

அப்படியானால் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசமே இல்லையா? நிறைய இருக்கிறது. இதற்கு முன்னால் என்ன தெரிந்து வைத்திருக்கிறது, எவ்வளவு நேரம் ஒரே விஷயத்தில் நிற்கும், தப்பு வந்தால் சுருண்டுவிடுமா கோபப்படுமா, முழுசாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டுமா அல்லது நேராகக் கையை வைக்க வேண்டுமா, பக்கத்தில் ஆள் இருந்தால் ஓடுமா தனியே இருந்தால் ஓடுமா. எதையும் டிக் அடிக்கும் தாளில் கண்டுபிடிக்க முடியாது. இவை மாறவும் செய்யும். என் மகள் எல்லாவற்றையும் தனியே படிப்பவள், இந்தி எழுத்துகளை மட்டும் தோழியோடு போனில் பேசிப் பேசித்தான் கற்றாள்.

பக்கத்து வீட்டுப் பையன் இதற்கு நல்ல உதாரணம். அவன் தமிழே தயங்கித் தயங்கித்தான் வாசிப்பான். வகுப்பில் பின்னால் உட்காருபவன். மின்சுற்றுப் பாடம் வந்தபோது அவனுக்கு ஃபெட் சுற்றுப் பலகையைக் காட்டினேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002ல் தொடங்கிய திட்டத்தில் வந்தது அது. திரையில் பேட்டரி, கம்பி, பல்பு எல்லாம் இருக்கும், இழுத்து இணைக்கலாம். பல்பு இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனைகளையும் நேரே இணைத்தால் பேட்டரியில் தீ எரிவதாகக் காட்டும். பையன் அதைப் பார்த்ததும், "ஷார்ட் ஆயிருச்சு அத்தை, அப்பாவுக்கு இது நடந்திருக்கு" என்றான். அவ்வளவு நாள் அவன் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம்.

தொடரிணைப்பில் பல்பு சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் மங்குவதையும் பக்க இணைப்பில் மங்காததையும் திரையில் பார்த்தான். பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஏன் ஒரு வரிசையே அணைகிறது என்பதை எனக்கு அவன்தான் விளக்கினான். 230 வோல்ட்டை 6 வோல்ட் பல்புகளுக்குப் பங்கு போட்டால் சுமார் நாற்பது வரும், அதனால்தான் வரிசைக்கு அத்தனை பல்பு என்றும் கணக்குப் போட்டான். வகுத்தல் என்றாலே ஒதுங்குபவன்.

அடுத்து நிஜத்தில் செய்து பார்க்க ஆசைப்பட்டான். டார்ச் செல்களும் ஒரு சிவப்பு எல்இடியும் வாங்கி வந்தோம். ஒரு செல்லில் எரியவில்லை. கம்பி சரி, செல் புதுசு. திரையில் எல்லாம் எரிந்ததே என்று குழம்பினான். இரண்டாவது செல்லைச் சேர்த்தும் எரியவில்லை. எல்இடியைத் திருப்பி மாட்டியதும் எரிந்தது. சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் தேவை, ஒரு செல் தருவது 1.5. அதோடு எல்இடியில் மின்சாரம் ஒரு திசையில்தான் போகும். இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்திருந்தன. திரையில் பார்த்ததைக் கையால் செய்து பார்க்க முடியுமானால் கட்டாயம் செய்து பார்க்க விட வேண்டும், நிஜப் பொருள்தான் திரை சொல்லாமல் விட்டதைச் சொல்லும். ஒன்றே ஒன்று கண்டிப்பு: பேட்டரி மட்டும்தான். சுவர் பிளக் பக்கம் கை போகக் கூடாது. மைக் செட்காரர் மகனுக்கு இது இரண்டு மடங்கு கண்டிப்போடு சொல்லப்பட்டது.

எங்கள் கூடத்தில் சில வழக்கங்கள் நிலைத்துவிட்டன. லேப்டாப்பும் டேப்லெட்டும் கூடத்தை விட்டு அறைக்குள் போகாது. வேவு பார்ப்பதற்காக இல்லை. நாலு பேர் நடமாடும் இடத்தில் இருந்தால்தான் அப்பத்தா எட்டிப் பார்த்து, "என்னத்தா அது, வட்டமா இருக்கு?" என்று கேட்க முடியும். ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முயலும்போது தனக்கு எது புரியவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது. படித்தவர் கேட்டால் பிள்ளை அதைத் தேர்வாக எடுத்துக்கொள்ளும். அப்பத்தா கேட்டால் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அதனால் அந்த வேலையை நான் செய்தால் பாதிதான் நடக்கிறது. பாட்டி இல்லாத வீட்டில் தம்பி தங்கை இருக்கலாம், கடையிலிருந்து வரும் அப்பா இருக்கலாம்.

வீடியோ தானாக அடுத்ததற்குத் தாவும் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம். ஒரு வீடியோ முடிந்தால் மூடி வைத்துவிட்டு, பார்க்காமல் நோட்டில் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, எனக்குத் தெரியும். ஆனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006ல் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பாடத்தைத் திரும்பப் படிக்கவும் இன்னொரு பகுதியினரைப் பார்க்காமல் நினைவுகூரவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவுகூர்ந்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டு "எல்லாம் தெரியும்மா" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அதற்கு எல்லாம் தெரிந்ததுபோலத்தான் இருக்கும்.

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கேள்வி எழுதிவைக்கும் பழக்கமும் உண்டு. சாப்பிடும்போது, பேருந்தில் போகும்போது தோன்றும் கேள்விகள். மழைக்கு முன்னால் தும்பி ஏன் தாழப் பறக்கிறது, ரயில் வரும் முன்பே தண்டவாளம் ஏன் சத்தம் போடுகிறது. திரையைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம். கேள்வியோடு உள்ளே போகும் பிள்ளைக்கு வெளியே வரத் தெரிகிறது. கேள்வி இல்லாமல் போனால் அது காட்டுவதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இப்போது பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு எல்லாப் போனிலும் வந்துவிட்டது. இதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. மற்ற எல்லாக் கருவியும் பிள்ளையைச் செய்ய வைத்தன, இது பிள்ளைக்காகச் செய்துவிடுகிறது. விதை குறைந்த அன்று மகன் இதனிடம் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் திருத்திய நிரல் வந்திருக்கும், மீதி பற்றிய யோசனை வந்திருக்காது. வீட்டில் தடை போடவில்லை, போட்டாலும் நடக்காது. முதலில் உன் விடையை எழுது, அப்புறம் அதைக் காட்டி எங்கே தப்பு என்று மட்டும் கேள், விடையைச் சொல்லாதே என்று அதனிடமே சொல்லிவிடு என்பது ஏற்பாடு. தேர்வுக்கு முன்னால் மகள் தன் குறிப்பைக் கொடுத்து, என்னிடம் பத்துக் கேள்வி கேள் என்கிறாள். அதற்கு அது அருமையாக உதவுகிறது. அதன் பதிலைச் சரிபார்க்காமல் நம்புவதும் இல்லை. ஒருமுறை பல்லாங்குழி விதியைக் கேட்டதற்கு வேறெங்கோ ஆடும் விதியை நம் ஊர் விதி போலச் சொன்னது. அப்பத்தா கேட்டுவிட்டு, "எந்த ஊருல இப்படி ஆடுறாக?" என்றார். விதி ஊருக்கு ஊர் மாறும் என்பதும், கேட்கும்போதே எந்த ஊர் என்று சொல்ல வேண்டும் என்பதும் பிள்ளைகளுக்கு அன்று தெரிந்தது.

ஒரே ஒரு போன்தான், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுவார் என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது இது. சாயங்காலம் அரை மணி நேரம் கிடைத்தால் போதும். பகலிலேயே பிள்ளை கேள்வியைத் தாளில் எழுதி, தனக்குத் தோன்றும் விடையையும் பக்கத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். போன் வந்ததும் அதைத் தேடிப் பார்ப்பது, பார்த்ததை மூடிவைத்து எழுதுவது, வீட்டில் ஒருவருக்குச் சொல்வது. வீடியோவைக் கடையில் வைஃபை கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா செலவும் இல்லை. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்குப் பாதி நேரம் என்று பிரிக்காமல் இருவரையும் ஒரே கேள்வியில் உட்கார வையுங்கள். ஒருவர் கையில் போன், இன்னொருவர் கையில் பேனா, மறுநாள் மாற்றி. பக்கத்து வீட்டுப் பையனின் தங்கைகள் இரண்டு பேரும் இப்போது இப்படித்தான் படிக்கிறார்கள். போன கோடையில் தண்டவாளக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.